இருவரும் நலம்

எங்கள் அலுவலகத்தில் எனக்குக் ‘கிளாஸ் டீச்சர்’ என்று பெயர். நான் யாருக்கும் பாடம் எடுப்பதில்லை. எடுத்தாலும் இவர்கள் மண்டையில் ஏறப்போவதில்லை. புள்ளிவிவரக் கணக்கு போடும் எங்கள் மென்பொருளில் கிளாஸ் என்று ஒரு கட்டளை உண்டு. கையில் இருக்கும் சரக்கு என்ன வகை என்று கேட்டால் அது சொல்லிவிடும்: இது எண், இது எழுத்து, இது தேதி. யார் என் மேஜைக்கு வந்து “கணக்கு தப்பா வருது” என்று நின்றாலும், தலையைத் தூக்காமல் “கிளாஸ் பாத்தீங்களா?” என்று கேட்பேன். ஒன்பது வருடத்தில் ஒருவர்கூடப் பார்த்துவிட்டு வந்ததில்லை.

பக்கத்து சீட்டுக்காரர் ஒருமுறை நோயாளிகளின் போன் நம்பர்களுக்குச் சராசரி எடுத்தார். எடுத்ததோடு விடவில்லை, அதை ரிப்போர்ட்டில் தனி வரியாக வேறு போட்டார். “அந்த நம்பருக்குப் போன் பண்ணிப் பாருங்க, சராசரி நோயாளி எடுப்பாரு” என்றேன். அவர் உண்மையிலேயே போனைக் கையில் எடுத்தார். ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு இரண்டு என்று குறித்துவிட்டு ‘சராசரி பாலினம் 1.6’ என்று எழுதிய அம்மாள் ஒருவர் இருக்கிறார். அவருக்குப் பதவி உயர்வும் கிடைத்துவிட்டது.

இவர்களுக்கெல்லாம் மேலே உட்கார்ந்திருக்கும் இயக்குநருக்கு நான் வைத்த பெயர் ‘நூறு’. எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் “நூத்துக்கு எவ்வளவுன்னு சொல்லுங்க” என்பார். ரத்த அழுத்தமா, நூற்றுக்கு. வரிசையில் காத்திருக்கும் நேரமா, நூற்றுக்கு. காய்ச்சல் வந்தால் மட்டும்தான் அவர் கேட்பதில் அர்த்தம் இருக்கும்.

இந்த வருடம் நூறு எங்களுக்குக் கொடுத்த வேலை இது. ரத்தச்சோகை உள்ள கர்ப்பிணிகளுக்கு இரும்பு ஊசி போடும் மையங்கள் பன்னிரண்டு இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் அறுபது பெண்கள். ஏழாம் மாதத்தில் ஊசி தொடங்கும்போது ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு, ஒன்பதாம் மாதக் கடைசியில் எவ்வளவு என்று மையங்கள் எழுதி அனுப்பும். எட்டு, ஒன்பது என்று வருகிறவர்கள் பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று ஏறிப்போக வேண்டும். எந்த மையம் மோசமோ அதை மூடிவிடுவார்கள்.

ஏழாவது மையத்தின் நர்ஸ் என் அண்ணி. அதை நான் அலுவலகத்தில் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வெட்கம்.

என் கல்யாணம் இரண்டு வருடத்தில் முடிந்துபோன பிறகு நான் அண்ணன் வீட்டில்தான் இருக்கிறேன், பால்கனியை ஒட்டிய அறையில். அண்ணி இரண்டு வருடப் படிப்பு படித்தவள். கம்ப்யூட்டரில் ஒற்றை விரலால் தட்டுவாள். ஒரு போட்டோவை இன்னொருவருக்கு அனுப்ப என்னைக் கூப்பிடுவாள், நான் காட்டிக்கொடுத்த மறுநாள் மறுபடி கூப்பிடுவாள். ஆனால் எங்கள் குடியிருப்பில் யாருக்கு என்ன வந்தாலும் வாசலில் வந்து நின்று கேட்பது அவளைத்தான். நான் கதவைத் திறந்தால் “அவங்க இல்லையா?” என்று எட்டிப் பார்ப்பார்கள். அம்மா படுக்கையில் இருந்த கடைசி மூன்று மாதமும் என் கையால் மாத்திரை வாங்கமாட்டேன் என்றாள். மருமகள் வரட்டும் என்றாள். எனக்கு அண்ணியைப் பிடிக்காததற்கு நான் ஆயிரம் காரணம் வைத்திருந்தேன். இது ஒன்று போதும் என்று இப்போது தோன்றுகிறது.

நூற்றுக்கு வேண்டுமென்றாரே, கொடுத்தேன். ஒவ்வொரு மையத்திலும் ஆகக் குறைந்த அளவுக்குப் பூஜ்யம், ஆகக் கூடிய அளவுக்கு நூறு, மற்றவை நடுவில். அறுபது பெண்களுக்கும் அறுபது கோடுகள். ஊசிக்கு முன்பிருந்து பின்புக்கு ஏறுகிறதா, இறங்குகிறதா என்று குழந்தைக்குக்கூடப் புரியும் படம், ஆகவே நூறுக்கும் புரியும். பதினோரு மையங்களில் சராசரி முப்பது, நாற்பது என்று ஏறியிருந்தது. ஏழாவது மையத்தில் மைனஸ் இருபத்தொன்று. ஊசி போடப்போட ரத்தம் குறைந்திருக்கிறது.

நூறு சிவப்புப் பேனாவால் அந்தப் பக்கத்தில் எழுதினார்: ‘மருந்து உண்மையிலேயே போடப்பட்டதா?’ மேலே போன நாலைந்து கோடுகளில் ஒன்று மட்டும் நூறைத் தொட்டிருந்தது. அதைச் சுற்றி வட்டம் போட்டு ‘பாராட்டலாம்’ என்று எழுதினார். மதியத்துக்குள் ஆபீஸ் முழுக்கப் பேச்சு. ஏழாம் சென்டர் நர்ஸ் மருந்தை வெளியே விற்றுவிட்டு வெறும் தண்ணீரை ஊசியில் ஏற்றியிருக்கிறாளாம். புதன்கிழமை விசாரணை.

எனக்கு அப்போது அதிர்ச்சி வந்திருக்க வேண்டும். வந்தது வேறு. மனதுக்குள் ஒரு மூலையில் யாரோ நாற்காலியை இழுத்துப்போட்டு நிம்மதியாக உட்கார்ந்த மாதிரி இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அண்ணி பால்கனிக் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணி, உங்க சென்டர் ரிசல்ட் வந்துடுச்சு.”

“எப்படி வந்திருக்கு?”

“கடைசி.”

“கடைசின்னா?”

“ஊசி போட்டப்புறம் கிட்டத்தட்ட எல்லாருக்கும் இறங்கியிருக்கு. ஏன்னு நீங்கதான் சொல்லணும்.”

கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு மீதித் துணியை எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் அறைக்கு வந்தாள். கையில் மையத்து ரெஜிஸ்டர், பழுப்பு அட்டை போட்ட நீளமான நோட்டு. “அந்தப் படத்தை ஒரு தடவை காட்டு பாப்பா” என்றாள். எனக்கு முப்பத்தெட்டு வயது. இன்னமும் பாப்பா. எரிச்சலோடு எடுத்துக் கொடுத்தேன். கட்டிலில் உட்கார்ந்து, ஒவ்வொரு கோட்டின் நம்பரையும் ரெஜிஸ்டரில் தேடித்தேடி விரலை வைத்துப் பார்த்தாள். அரை மணி நேரம் ஆனது. ஒற்றை விரல் தட்டச்சு மாதிரியே ஒற்றை விரல் வாசிப்பு.

“இந்த முப்பத்திரண்டாம் நம்பரைப் பாரு. உன் படத்துல ரொம்ப மோசம் இவதான். உச்சியிலேர்ந்து நேரா அடியில விழறா.”

“ஆமா.”

“இவளுக்கு முதல்ல ஒன்பது புள்ளி ஒன்பது. கடைசில பத்து புள்ளி ஒண்ணு. அது ஏறினதுதானே?”

“இது நேரடி அளவு இல்ல அண்ணி. இண்டெக்ஸ். சொன்னா உங்களுக்குப் புரியாது.”

“புரிய வேணாம். ஒன்பதுக்கு அப்புறம் பத்துதானே வரும்?”

கூடத்தில் அண்ணன் முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். லிஃப்ட் மெக்கானிக். பேசுவதே அபூர்வம். கண்ணாடியைப் பார்த்தபடியே, “எங்க லிஃப்ட்ல அப்படித்தான் வருது” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஒரு மெக்கானிக்கும் ஓர் ஊசிக்காரியும் சேர்ந்து எனக்கு எண்ணச் சொல்லித்தருகிறார்கள்! “ஒரு ஆளை வச்சு எதுவும் சொல்ல முடியாது. நீங்க ரெஜிஸ்டர்ல தப்பா எழுதியிருப்பீங்க” என்றேன்.

அண்ணி நோட்டை மூடினாள். “தண்ணி ஊசி போட்டேன்னு பேசிக்கிறாங்களாம். பதினாறு வருஷமா ஊசி போடறேன். நீயும் அதைத்தான் நினைக்கிறியா?”

“நான் நினைக்கிறதுக்கு இதுல இடமே இல்ல அண்ணி. நம்பர் சொல்லுது.”

அவள் எழுந்து போய்விட்டாள். நான் சரியாகத்தான் பேசினேன் என்று எனக்கு நானே இரண்டு முறை சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் பக்கத்து சீட்டுக்காரர் வந்து நின்றார். மையங்களின் ஃபைல்கள் கம்ப்யூட்டரில் தாறுமாறாகக் கிடக்கின்றனவாம், இரண்டாவது மையத்தைக் காணோமாம். போய்ப் பார்த்தேன். திரையில் பட்டியல் இப்படி ஓடியது: மையம் 1, மையம் 10, மையம் 11, மையம் 12, மையம் 2, மையம் 3. “காணாமப் போகல சார், பன்னெண்டுக்குக் கீழ இருக்கு. பேர்ல இருக்கிற நம்பரை இது எழுத்தாத்தான் படிக்கும். அகராதி மாதிரி முதல் எழுத்தை வச்சு அடுக்கும். ஒண்ணுல ஆரம்பிக்கிறதெல்லாம் முன்னாடி, அதனால பத்து வந்து...” என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினேன்.

பத்து வந்து ஒன்பதுக்கு முன்னால் நிற்கும்.

அவரை அப்படியே விட்டுவிட்டு என் இடத்துக்கு வந்தேன். ஏழாவது மையத்தின் அளவுகளை எடுத்தேன், முன்னளவும் பின்னளவும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே வரிசையில் இருக்கும். ஒன்பது வருடமாக ஊரையெல்லாம் கேட்ட கேள்வியைத் தட்டினேன். கிளாஸ்?

எண் என்று வரவில்லை. ஃபேக்டர் என்று வந்தது.

ஃபேக்டர் என்பது எண் அல்ல, சீட்டு. ஒரு வரிசை முழுக்க எண்களாக இருந்தால் மென்பொருள் எண்ணாக வைத்துக்கொள்ளும். அதில் எங்கோ ஓரிடத்தில் ஒரு வார்த்தை கலந்துவிட்டால், அத்தனையும் பெயர்ச்சீட்டு என்று எடுத்துக்கொண்டு அகராதி வரிசையில் அடுக்கி, முதல் சீட்டு, இரண்டாம் சீட்டு என்று நம்பர் போட்டுவிடும். புதிய பதிப்புகள் இந்த வேலையைத் தாமாகச் செய்வதில்லை. எங்கள் கம்ப்யூட்டரில் இருப்பது அரதப்பழசு. மாற்றாமல் வைத்திருப்பது நான், எனக்குப் பழகிவிட்டது என்பதால். அப்படி அடுக்கிய சீட்டுகளிடம் போய் ‘எண்ணாக மாறு’ என்று சொன்னால், மேலே எழுதியிருக்கும் அளவை அது தராது. சீட்டின் வரிசை நம்பரைத் தரும். ஒரு முணுமுணுப்புகூட இல்லாமல் தரும். 10.1 அடியில் போய்விடும், 9.9 உச்சிக்கு வந்துவிடும். ஒன்பதிலிருந்து பதினொன்றுக்கு ஏறிய ஒவ்வொரு பெண்ணும் படத்தில் குப்புற விழுவாள். நூற்றுக்கு நூறு என்று நான் வேறு அதைச் சீவிச் சிங்காரித்துவிட்டதால், அளவு அல்ல, சீட்டு நம்பர் என்பது யார் கண்ணிலும் படவில்லை.

அந்த ‘எண்ணாக மாறு’ என்ற வரியை எழுதியது யார்? நான். பன்னிரண்டு ஃபைலுக்கும் சேர்த்து, நேரம் மிச்சம் என்று ஒரே வரி. முதல் மையத்தின் ஃபைலுக்குக் கிளாஸ் பார்த்தேன், எண் என்று வந்தது, மற்றவற்றை ஓட்டிவிட்டேன். ஏழாவதில் மைனஸ் வந்தபோதாவது பார்த்திருக்கலாம். வேறு எந்த மையத்துக்கு மைனஸ் வந்திருந்தாலும் சத்தியமாகப் பார்த்திருப்பேன். அது அண்ணி வாங்க வேண்டிய மார்க் என்று எனக்கு ஏற்கெனவே தோன்றியிருந்தது, வாங்கிவிட்டாள், எதைப் பார்ப்பது? சராசரி பாலினம் எழுதிய அம்மாள் என்னைவிட மேல். அவள் முட்டாள், அவ்வளவுதான்.

கலந்துபோன அந்த வார்த்தை எங்கே என்று தேடினேன். நாற்பத்தொன்றாம் பெண்ணின் கடைசி அளவு இருக்க வேண்டிய கட்டத்தில், ஒற்றை விரலால் தட்டித்தட்டி இப்படி எழுதியிருந்தது: ‘இருவரும் நலம்’.

பக்கத்துக் கட்டத்துத் தேதிப்படி, எட்டாம் மாதத்திலேயே அவளுக்குப் பிரசவம் ஆகிவிட்டது. கடைசிப் பரிசோதனைக்கு வரவில்லை. அகராதி வரிசையில் எண்களெல்லாம் முடிந்த பிறகுதான் எழுத்து வரும், ஆகவே கடைசிச் சீட்டு அது, ஆகவே நூற்றுக்கு நூறு. இயக்குநர் வட்டம் போட்டுப் பாராட்டச் சொன்னது ஒரு கைக்குழந்தையை.

எண் எழுத வேண்டிய இடத்தில் எந்த மடையன் வார்த்தை எழுதச் சொன்னான் என்று ஒரு கணம் பொங்கிவந்தது. மையங்களுக்கு அனுப்பிய விதிமுறைத் தாளைத் தேடி எடுத்தேன். நாலாவது விதி: ‘எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது. அளவு இல்லையென்றால் காரணத்தை எழுதவும்.’ காலிக் கட்டங்களைப் பார்த்துப்பார்த்து வெறுத்துப்போய், போன வருடம் நானே கோபத்தில் எழுதிய விதி. கீழே நூறின் கையெழுத்து.

அண்ணி அந்த விதியின்படி நடந்திருக்கிறாள். அப்படியென்றால் மற்றவர்கள்? ஒவ்வொரு ஃபைலாகத் திறந்தேன். பதினோரு மையங்களிலும் ஒரு வார்த்தைகூட இல்லை. காலிக் கட்டமும் இல்லை. அறுநூற்று அறுபது கர்ப்பிணிகளும் சொன்ன நாளில் சொன்னபடி வந்து ரத்தம் கொடுத்திருக்கிறார்கள். கடைசி அளவெல்லாம் 11, 11.5, 11, 12. நல்ல பிள்ளைகள். கிளாஸ் கேட்டால் சுத்தமான எண் என்றுதான் வரும்.

செவ்வாய்க்கிழமை எல்லாத் தாளையும் எடுத்துக்கொண்டு நூறின் அறைக்குப் போனேன். ஏழாவது மையத்தின் திருத்திய கணக்கைக் காட்டினேன். முப்பத்தெட்டு ஏறியிருந்தது. அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“அப்போ தப்பு சென்டர்லதான். எண் எழுதற இடத்துல எழுத்து எழுதியிருக்காங்க. டேட்டா என்ட்ரி தப்புன்னு போட்டு முடிச்சிடலாம். அந்த நர்ஸுக்கு ஒரு எச்சரிக்கை. உங்க பேரும் வேணாம், என் பேரும் வேணாம்.”

பொய் சொல்வானேன், அரை நிமிடம் யோசித்தேன். தண்ணீர் ஊசி இல்லை என்று ஆகிவிடும், மையமும் பிழைக்கும், நான் கிளாஸ் டீச்சராகவே இருக்கலாம். அண்ணி எச்சரிக்கைத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து துணி மடிப்பாள். எதிரே உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்த்தேன். எனக்கும் அவருக்கும் அந்த அரை நிமிடத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. அதுதான் தாங்கவில்லை. விதிமுறைத் தாளை அவர் முன்னால் வைத்தேன்.

“நாலாவது விதி, சார். நான் எழுதினது. நீங்க கையெழுத்துப் போட்டது.”

அவர் நாலாவது விதியை, நாற்பது விதியைப் படிப்பது போல நெடுநேரம் படித்தார்.

“மத்த சென்டர்கள்ல இந்த மாதிரி தப்பு எதுவும் இல்லையே?”

“இல்ல சார். அறுநூத்தி அறுபது பேர். ஒருத்திக்குக்கூட முன்னாடியே குழந்தை பிறக்கல.”

“ரொம்ப நல்லதுதானே?” என்றார்.

இந்த மாதிரி ஆட்களுக்குப் பதில் சொல்லக் கூடாது, நேரம் கொடுக்க வேண்டும். கொடுத்தேன். பதினோரு ஃபைலின் மேல் அவர் பார்வை ஒருமுறை போய்வந்தது. பிறகு முகத்தில் ஈயாடவில்லை. “கதவைச் சாத்துங்க” என்றார்.

“திறந்தே இருக்கட்டும் சார்” என்று வந்துவிட்டேன்.

புதன்கிழமை விசாரணை அறையில் நீள மேஜைக்குப் பின்னால் ஐந்து பேர். அண்ணி இஸ்திரி போட்ட சீருடையில், மடியில் பழுப்பு ரெஜிஸ்டரோடு தனியாக உட்கார்ந்திருந்தாள். நான் எழுந்து நடந்ததைச் சொன்னேன். என் வரி, என் விதி, நான் பார்க்காத கிளாஸ். பக்கத்து சீட்டுக்காரர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார், பாவம், ஒன்பது வருடத்து வட்டி. மற்ற பதினோரு மையங்களின் கணக்கையும் சொன்னேன். “ரத்தம் எடுத்ததையும் எடுக்காததையும் உள்ளபடி எழுதினது இந்த ஒரு சென்டர்தான். இவங்க என் அண்ணி. நான் இதை முன்னாடியே சொல்லியிருக்கணும்” என்றேன். அந்தப் பதினோரு மையங்களைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. மையத்தை மூடப்போவதில்லை என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள். எனக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும் என்றார்கள், வந்தது.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். வெயில் சுள்ளென்று அடித்தது. அண்ணி ரெஜிஸ்டரைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டாள். ஏதாவது பேச வேண்டுமே என்று, “தப்பு என்னுதுதான் அண்ணி. மன்னிச்சிடுங்க. இனிமே எல்லா ஃபைலையும் ஒண்ணொண்ணா பாப்பேன்” என்றேன்.

“கணக்கு தப்பாப் போறது யாருக்கும் வரும். அதான் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டியே, அது போதும்” என்றாள். பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். பிறகு பார்வையைத் திருப்பாமலே கேட்டாள்:

“சனிக்கிழமை என்கிட்ட வந்து ‘கடைசி’ன்னு சொன்னப்போ சிரிச்சுக்கிட்டே வந்தியே பாப்பா. அதுக்கு என்ன பண்றது?”

பஸ் வந்தது. அவள் முதலில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் ரெஜிஸ்டரை வைத்துக்கொண்டாள். நான் கம்பியைப் பிடித்து நின்றபடியே வந்தேன்.